‘அக்வயர்’ என்னும் வினைச்சொல்

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணாக்கர்க்கு இடர் விளைப்பவை அருஞ்சொற்கள் அல்ல. பொருள் தெரியும் என்று எண்ணி ஆராயாது விட்டுவிடும் சொற்களே. அருஞ்சொல்லை அகராதியில் தேடுகின்றோம். தெரிந்த சொல்லைத் தேடுவதில்லை. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘அக்வயர்’ என்பது. ‘அடை’ அல்லது ‘பெறு’ என்று இதற்குப் பொருளெழுதிப் படித்துவிட்டு மேற்செல்வது நம் வழக்கம். தேர்வுக்கு அது போதும். ஆயின் இச்சொல் வகுப்பறையில் மட்டும் வழங்குவதன்று. கெடிலக் கரையிலுள்ள திருவதிகைக்கு அணித்தே நெய்வேலிச் சுரங்கம் உள்ளது. அச்சுரங்கத்தைச் சூழ்ந்த ஊர்களுக்கு இவ்வினை அரசிதழ் வழியாகவும் நிலமெடுப்பு அலுவலகத்தின் அறிவிப்பு வழியாகவும் வந்து சேர்கின்றது. ஆண்டு வந்த நிலம் நிலைக்குமா போகுமா என்பது அங்கே இந்த ஒரு வினையைப் பற்றி நிற்கின்றது. ஆகலின் இதன் பிறப்பையும், பொருளையும், வழக்கையும், தமிழில் இதற்கு வழங்கும் சொற்களின் இயல்பையும் ஈண்டுச் சுருங்க ஆராயப் புகுகின்றோம்.

சொல்லின் பிறப்பு

இவ்வினை இலத்தீன் மொழியினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. இலத்தீனில் ‘க்வேரெரெ’ என்பது ‘தேடு’, ‘வினவு’ எனப் பொருள்படும் வினை. அதன்முன் ‘அட்’ என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, தேடித் தன்பால் சேர்த்துக்கொள்ளுதல் என்னும் பொருளைத் தந்தது. எனவே வாளா இருந்து பெறுதல் இச்சொல்லின் பொருளன்று. நாடி முயன்று தன்னதாக்கிக் கொள்ளுதலே பொருள்.

இவ்வேரிற் பிறந்த உடன்பிறப்புச் சொற்கள் பல. வினாவைக் குறிக்கும் ‘குவெஸ்சன்’, ஆராய்ந்து கேட்டலாகிய ‘இன்குவயர்’, வேண்டுதலாகிய ‘ரிக்குவெஸ்ட்’, தேவையுறுதலாகிய ‘ரிக்குவயர்’, வென்று கொள்ளுதலாகிய ‘காங்கர்’ ஆகிய யாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. இக்குடும்பத்தை நினைவிற் கொள்ளுதல் நலம். ‘அக்வயர்’ என்னும் சொல்லுக்கு ஒருபுறம் வினவுதலும் வேண்டுதலும் நிற்கின்றன. மறுபுறம் வென்று கொள்ளுதல் நிற்கின்றது. அது எப்பக்கம் சாயும் என்பதைச் சொல் தானே தீர்மானிப்பதில்லை. ஆள்வோரும் இடமுமே தீர்மானிக்கின்றனர்.

பொது வழக்கு

முதற்கண் நாள்தோறும் எழுதும் வழக்கைக் காண்போம். ‘அக்வயர்’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. எதனை என்னும் வினாவிற்கு விடை தரும் பெயர் இதன்பின் வந்தே தீரும். ‘கற்க அக்வயர் செய்தான்’ என வினையெச்சத்தைப் பொருத்துவது ஆங்கில மரபன்று. ‘கெட்’ என்னும் எளிய சொல் பேச்சுக்குரியது. ‘அக்வயர்’ எழுத்துக்கும் அவைக்கும் உரியது. கடையிற் காய்கறி வாங்கினோம் என்பதற்கு இதனை ஆண்டால் கேட்போர் நகைப்பர்.

அறிவு, திறமை, பழக்கம், புகழ், சொத்து, உரிமை, மொழி ஆகியன இவ்வினைக்கு ஏற்ற செயப்படுபொருள்கள். இவை ஒரே நொடியில் கைக்கு வாராதவை; காலமோ முயற்சியோ முறையான நடவடிக்கையோ இடையில் நிற்பவை. பரிசுக்கு ‘வின்’ என்பதும், கடிதத்திற்கு ‘ரிசீவ்’ என்பதும், தேர்வில் முதல் வகுப்பிற்கு ‘அப்டெய்ன்’ என்பதும் பொருந்தும். காய்ச்சல் வந்தது என்பதற்கு இதனை ஆளார். ஆயினும் பிறவி நோயினின்று பிரித்துக் காட்டுதற்குப் பின்னர் வந்த நோயை ‘அக்வயர்ட்’ என்னும் அடைமொழியால் மருத்துவர் குறிப்பர்.

சுவையைப் பற்றியும் ஒரு தொடர் உண்டு. முதலிற் பிடிக்காது, பழகப் பழகப் பிடித்துப்போகும் சுவையை ‘அக்வயர்ட் டேஸ்ட்’ என்பர். பண்ருட்டிப் பலாச்சுளைக்கு இத்தொடர் வேண்டா, பாகற்காய்க்கு வேண்டும். மொழியியலார் வேறொரு நுட்பமும் கூறுவர். தாய்மொழியைக் குழந்தை ‘அக்வயர்’ செய்கின்றது. பிறமொழியை மாணாக்கன் ‘லேர்ன்’ செய்கின்றான். முன்னது அறியாமலே வந்து படிவது. பின்னது அறிந்து முயல்வது.

தமிழில் இவை அனைத்திற்கும் ஒரே வினை இல்லை. பொருளை ஈட்டுகின்றோம், கல்வியைப் பெறுகின்றோம், புகழை எய்துகின்றோம், பழக்கத்தைப் படிந்துகொள்கின்றோம், நிலத்தை வாங்குகின்றோம். ஆங்கிலம் ஒரு கூரையின்கீழ் வைத்தவற்றைத் தமிழ் தனித்தனி அறைகளில் வைத்துள்ளது. இது தமிழின் குறையன்று. ஒவ்வொரு பொருளும் எவ்வாறு நம்மை வந்தடைந்தது என்பதைத் தமிழ்வினை கூறிவிடுகின்றது. ஆங்கிலவினையோ வந்தடைந்தது என்பதை மட்டும் கூறி, வந்த வழியைக் கூறாது விடுகின்றது. அவ்வாறு கூறாது விடுவதே இச்சொல்லின் வலிமை; அதுவே இடரும் ஆகும்.

கடலூர்க் கரையில் ஓர் எடுத்துக்காட்டு

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. கெடிலம் கடலொடு கலக்கும் கடலூர்ப் பக்கத்துத் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை 1690ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அதுவே புனித தாவீது கோட்டை. கோட்டையோடு, அதிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலமும் சேரும் என்பது ஒப்பந்தம். குண்டு விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ என வழங்கலாயின. 1750ஆம் ஆண்டிலோ, கருநாடகப் போரின்போது, அரண்போலப் பயன்பட்ட திருவதிகைக் கோயிலைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றிற்று.

இவ்விரண்டையும் ஆங்கிலத்தில் எழுதுவோர், பின்னதற்குப் போர்க்குரிய வினையை ஆள்வர். முன்னதற்கு ‘அக்வயர்’ என்பது இயல்பாகப் பொருந்தும். ஆயின் முன்னதை உற்று நோக்குக. கோட்டைக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அதனால் அது வாங்குதல். எல்லையை அளந்ததோ பீரங்கி. குண்டு விழுந்த ஊரின் மக்களை எவரும் வினவவில்லை. வாங்குதலும் வல்லாண்மையும் ஒன்றோடொன்று கலந்த அச்செயலை ‘அக்வயர்’ என்னும் ஒரே வினை அமைதியாகச் சுமந்து நிற்கின்றது. படிப்போர்க்கு உறுத்தலும் இல்லை. தமிழில் இதனை ‘வாங்கினர்’ என்று எழுதினால் பீரங்கி மறையும். ‘கைப்பற்றினர்’ என்று எழுதினால் பணம் மறையும். மொழிபெயர்ப்போன் ஒருபக்கம் நின்றே தீரவேண்டியவனாகின்றான்.

சட்ட வழக்கு

இனி, ஊர்தோறும் வரும் அறிவிப்பிற்கு வருவோம். இந்தியாவில் நிலத்தைப் பொறுத்தமட்டில் இவ்வினைக்கு வலிமை தந்தது 1894ஆம் ஆண்டின் முதற் சட்டமாகிய நிலங் கையகப்படுத்தும் சட்டம். அஃது அவ்வாண்டு மார்ச்சு 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்து, 2013ஆம் ஆண்டின் புதுச் சட்டம் 2014 சனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வரும்வரை, இடையிடையே திருத்தங்களுடன், ஏறத்தாழ 120 ஆண்டு நிலவியது.

அச்சட்டத்தின் நடையை இலக்கணக் கண்ணாற் காண்பது பயன் தரும். நான்காம் பிரிவின்படி முதல் அறிவிப்பு வரும். ஒரு பொதுநோக்கத்திற்கு நிலம் தேவைப்படுகின்றது, அல்லது தேவைப்படக்கூடும் என்பது அதன் கருத்து. இத்தொடரில் எழுவாய் நிலமே. எவர்க்குத் தேவை என்பது பின்னிற்கும். எவருடைய நிலம் என்பது பட்டியலில் நிற்கும். நிலத்துக்குரியவனைச் சட்டம் ‘பெர்சன் இன்டரெஸ்டட்’ என்கின்றது. நிலத்தில் உரிமையுடையவன் என்று இதற்குப் பொருள்கொள்வோம்; மூன்றாம் பிரிவின் விளக்கமோ, இழப்பீட்டில் உரிமை கோருவோர் அனைவரையும் அது உள்ளடக்கும் என்பது. உழவன் அறிவிப்பைக் கையிற் பெறும் அன்றே, அவனுக்கு உரிய பொருள் நிலத்தினின்று பணத்துக்கு மாறத் தொடங்கிவிடுகின்றது. இம்மாற்றம் ஒரு சொற்பொருள் விளக்கத்துள் நிகழ்ந்து முடிகின்றது.

ஆயினும் சட்டம் முழுதும் செவிடன்று. மறுப்புரையைக் கேட்க வேண்டும் என்னும் 5அ பிரிவு 1923இற் சேர்க்கப்பட்டது. பதினோராம் பிரிவின்படி ஆட்சியர் ஆராய்ந்து வினவிய பின்னரே தீர்வம் வழங்குதல் வேண்டும். மேலே கூறிய உடன்பிறப்புச் சொற்களை ஈண்டு நினைவு கூர்க: ‘இன்குவயர்’ நிகழ்ந்தாலன்றி ‘அக்வயர்’ முறையாகாது. சந்தை விலையின்மேல் நூற்றுக்குப் பதினைந்து கூடுதலாகத் தருதற்கு அச்சட்டம் ஒரு காரணமும் கூறிற்று: அக்காரணம் செயலின் கட்டாயத் தன்மை. 1984இல் அது நூற்றுக்கு முப்பதாயிற்று. அத்தொகைக்கு ஆங்கிலத்தில் ‘சொலேஷியம்’ என்று பெயர்; ஆறுதல் என்னும் பொருளுடையது. வினை மறைத்த துயரைத் தொகையின் பெயர் ஒப்புக்கொண்டது எனலாம்.

தமிழ்ச் சொற்கள் மூன்று

இச்சட்டவினைக்குத் தமிழில் நெடுநாள் வழங்கியது ‘ஆர்ஜிதம்’ என்பது. வடமொழியில் இதன் வேர் ‘ஈட்டு’ என்னும் பொருளது. பத்திரங்களில் ‘சுயார்ஜிதம்’ என்றால் தன் உழைப்பால் ஒருவன் தேடிய சொத்து; ‘பிதுரார்ஜிதம்’ என்றால் தந்தைவழித் தேட்டு. ஆக, ஒருவன் வியர்வை சிந்தித் தேடிய நிலம் அவன் பெட்டியிலுள்ள பத்திரத்தில் ‘சுயார்ஜிதம்’. அந்நிலமே அரசின் கைக்குச் செல்லுங்கால் அறிவிப்பில் ‘ஆர்ஜிதம்’. ஈட்டியவன் சொல்லும், எடுத்துக்கொள்பவர் சொல்லும் ஒன்றே ஆயின. கல்லாத உழவன் குழம்பினால் அவனைக் குறை கூறல் தகாது.

பின்னர் வந்த தனித்தமிழ் ஆக்கம் ‘கையகப்படுத்துதல்’. கை, அகம், படுத்து என இதனைப் பிரிப்பர். அகப்படு என்றால் சிக்கு; அகப்படுத்து என்றால் சிக்கச் செய். எனவே கையினுள் சிக்கச் செய்தல் என்பது பொருள். இச்சொல் நேர்மையுடையது, வலிமையை மறைக்கவில்லை. பிறவினையாதலின் மற்றொருவன் உளன் என்பதையும் குறிப்பால் உணர்த்துகின்றது.

மூன்றாவது, அலுவலகப் பலகைகளிற் காணும் ‘நிலமெடுப்பு’. இஃது எல்லாவற்றினும் எளியது. மக்கள் வாய்மொழியை ஒட்டியது. ‘எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்கள்’ என்றே ஊரார் கூறுவர். ஈழத்துத் தமிழர் ‘காணி சுவீகரிப்பு’ என்று வழங்குவர். தன்னதாக்கிக் கொள்ளுதல் என்பது அதன் நேர்பொருள். மகவைத் தத்தெடுத்தற்கும் ‘சுவீகாரம்’ என்னும் சொல் வழங்குவதை அறிவோம். தத்தில் தருவோரும் கொள்வோரும் ஒப்புகின்றனர். காணியில் அவ்வாறு நிகழும் என்பதற்கு உறுதியில்லை.

ஒரே ஆங்கிலவினை ஈட்டுதலாய், சிக்கச் செய்தலாய், எடுத்தலாய், தத்தெடுத்தலாய் நான்கு உருக்கொண்டு தமிழில் நடமாடுகின்றது. இவற்றுள் எதனை ஆள்கின்றோம் என்பதிலேயே நம் தீர்ப்பும் அடங்கியுள்ளது.

கொடுப்போன் எங்கே?

தமிழிலக்கணம் கொடுத்தல் கொள்ளுதலில் மிக்க கருத்துச் செலுத்தியது. ஈ, தா, கொடு என்னும் மூன்றும் இரத்தற் சொற்கள் எனத் தொல்காப்பிய எச்சவியல் கூறும். தாழ்ந்தோன் கேட்குங்கால் ஈ என்பான். ஒத்தோன் தா என்பான். உயர்ந்தோன் கொடு என்பான். கேட்போனுடைய நிலையைக் கேட்கும் வினையே காட்டிவிடும். இங்கு நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்று: உயர்ந்தோனும் கேட்டே பெறுகின்றான். மூன்று சொற்களும் கேள்விகளே; கேள்வி என்பதனால் மறுமொழிக்கு இடம் உண்டு. ‘அக்வயர்’ என்பது இம்மூன்றனுள் எதுவும் அன்று. அது கேட்பதில்லை, கொண்டதைத் தெரிவிக்கின்றது.

விவிலியத்தில் இராஜாக்களின் முதல் நூல் 21ஆம் அதிகாரத்து வரலாறு நம் வாசகர் பலர் அறிந்ததே. ஆகாப் அரசன் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டான். அதனினும் நல்ல தோட்டமோ விலைப்பணமோ தருவதாகவும் கூறினான். முன்னோர் வழிவந்த உரிமையாதலின் தரமாட்டேன் என்றான் நாபோத். அதுவரை நிகழ்ந்தது கேட்டலும் மறுத்தலும்; இரண்டும் குற்றமல்ல. மறுப்பைப் பொறாது பொய்ச்சான்று தேடியபோதே குற்றம் பிறந்தது. விலை தருவதாகச் சொன்னமையால் மட்டும் ஒரு செயல் நேர்மையாகிவிடாது என்பதும், மறுமொழி கூற இடமிருத்தல் வேண்டும் என்பதும் இவ்வரலாற்றாற் பெறப்படும்.

வேற்றுமையாலும் இதனை விளக்கலாம். ‘உழவன் அரசுக்கு நிலத்தைக் கொடுத்தான்’ என்னும் தொடரில் கொடுப்போன் எழுவாய். கொள்வோன் நான்காம் வேற்றுமை. பொருள் இரண்டாம் வேற்றுமை. மூவரும் அவையில் உளர். ‘அரசு நிலத்தைக் கையகப்படுத்திற்று’ என்னும் தொடரில் இருவரே உளர். ‘உழவனிடமிருந்து’ என்னும் சொல்லை விட்டாலும் தொடர் குறைவுபடாது. ‘நிலம் கையகப்படுத்தப்பட்டது’ என்னும் செயப்பாட்டுவினையிலோ நிலம் ஒன்றே நிற்கின்றது. கொண்டவரும் மறைந்தார், இழந்தவரும் மறைந்தார்.

பழைய ஆவண மரபு இதற்கு நேர்மாறானது. திருவதிகை வீரட்டானக் கோயிலிற் பல்லவர் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் உள. தமிழ்நாட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் நிலவிற்பனையைக் கூறுபவை பெரும்பாலும் விற்போர் கூற்றாகவே அமையும். சபையோம், ஊரோம் என்று தன்மைப் பன்மையிற் பேசுவோர், இன்ன நிலத்தை இன்ன எல்லையுடன் இன்ன பொருள் கொண்டு விற்றுக்கொடுத்தோம் என்பர். இன்றைய கிரயப்பத்திரத்திலும் ‘எழுதிக்கொடுப்பவர்’ முன்னும் ‘எழுதிப்பெறுபவர்’ பின்னும் நிற்பர், பேசுபவர் கொடுப்பவரே. நிலம் கைமாறுங்கால் இழப்பவன் வாயினின்றே அச்சொல் வரவேண்டும் என்பது இம்மரபின் உட்கருத்து. நிலமெடுப்பு அறிவிப்பிலோ பேசுவது கொள்வோர் தரப்பு. மரபின் இம்மாற்றமே இவ்வினையின் உயிர்நிலை.

நெய்வேலியும் இறந்தகாலமும்

நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரி உண்டென்பது வெளிப்படுதற்குத் தம் நிலத்திற் கிணறு தோண்டிய சம்புலிங்க முதலியார் காரணராயினார் என்றும், தம் நிலத்தை அரசுக்கு அளித்தார் என்றும் அவ்வூர் வரலாறு போற்றும். ஆண்டு ‘கொடு’ என்னும் வினைக்கும் இடம் இருந்தது என்பதை மறத்தலாகாது. 1956இல் நிறுவனம் தோன்றிற்று. 1957இற் சுரங்கப்பணி தொடங்கிற்று. 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. அம்மின்னொளியிற் படித்தோர் தமிழ்நாட்டில் எண்ணிலர். யாமும் அவருள் அடங்குவேம். பொதுநோக்கம் என்பது வெறுஞ்சொல் அன்று என்பதற்கு இது சான்று.

ஆயின் பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளிச் சுரங்கமாகவே அங்கு அகழ்கின்றனர். மேல்மண் முழுதும் அகற்றப்படும். வயலும் கிணறும் தோப்பும் வீடும் சுடுகாடும் ஒருங்கே நீங்கும். ஒரு கட்டடத்திற்கு இடம் எடுப்பது போன்றதன்று இது. எடுத்த நிலம் பழைய நிலமாகத் திரும்பிவருவதில்லை. ஆகலின் இவ்வினை அங்கே மிகக் கனமுடையது.

இவ்வினையின் இறந்தகால வடிவம் எந்நாளில் உண்மையாகின்றது? 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, தீர்வம் வழங்கியபின் ஆட்சியர் உடைமையை மேற்கொள்ளும்போது, நிலம் எவ்விதப் பற்றுமின்றி அரசைச் சாரும் என்றது. வேறு சட்டங்கள் வேறு நாளைக் குறிக்கும். ஏட்டில் வினைமுற்று முடிந்துவிட, வயலில் அது முற்றாதிருத்தல் உண்டு. 2023 சூலையிற் சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் நிகழ்ந்தது இதற்கு எடுத்துக்காட்டு. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எடுக்கப்பட்டது என்பது நிறுவனத்தின் கூற்று. உழவரோ அதிற் பயிரிட்டு வந்தனர். பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக இயந்திரங்கள் வந்தபோது நெற்பயிர் நின்றிருந்தது. பயிர் அழிந்தது, ஊர் கொதித்தது, வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. ஒருபுறம் ‘எடுக்கப்பட்டது’ என்னும் இறந்தகாலம். மறுபுறம் ‘விளைகின்றது’ என்னும் நிகழ்காலம். இரண்டும் ஒரே வயலில் ஒரே நாளில் நின்றமையே அத்துயரின் இலக்கணம்.

அரசியலமைப்பின் வினைகள்

நாட்டின் உயர்ந்த சட்டமும் இவ்வினையோடு நெடிது போராடியுள்ளது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 31ஆம் உறுப்பு, சொத்து எடுக்கப்படுமாயின் இழப்பீடு வேண்டும் என்றது. இழப்பீடு என்றால் இழந்ததற்கு நேரான ஈடு என்று மேற்குவங்க அரசுக்கும் பேலா பானர்ஜிக்கும் இடையிலான வழக்கில் 1953இல் உச்சநீதிமன்றம் பொருளுரைத்தது. 1955ஆம் ஆண்டின் நான்காம் திருத்தமோ, உரிமை அரசுக்கு மாறினாலன்றி அதனைக் கட்டாயக் கையகப்படுத்தலாகக் கொள்ளலாகாது என்று வினைக்கு வரம்பு கட்டிற்று. 1971ஆம் ஆண்டின் 25ஆம் திருத்தம் ‘இழப்பீடு’ என்னும் சொல்லை நீக்கித் ‘தொகை’ என்னும் சொல்லை வைத்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் அவ்வுறுப்பையே நீக்கி 300அ என்னும் உறுப்பை அமைத்தது.

300அ உறுப்பின் வினை வேறு. சட்டத்தின் அதிகாரமின்றி எவரும் தம் சொத்தை இழக்கச் செய்யப்படலாகாது என்பது அதன் கருத்து. ஈண்டு எழுவாய் நிலமுமன்று, அரசுமன்று, இழப்பவனாகிய மனிதன். அடிப்படை உரிமை என்னும் உயர்நிலை போயிற்று. ஆயினும் தொடரில் மனிதன் எழுவாயாக வந்து அமர்ந்தான்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் தன் பெயரிலேயே நேரிய இழப்பீட்டையும் வெளிப்படைத்தன்மையையும் மறுவாழ்வையும் மீள்குடியமர்வையும் சேர்த்துக்கொண்டது. ஆறுதற்றொகை நூற்றுக்கு நூறாயிற்று. சமூகத் தாக்கத்தை முன்னரே ஆராய்தல் வேண்டும் என்றும், தனியார் நிறுவனத்துக்காக எடுப்பதாயின் பாதிக்கப்படும் குடும்பங்களுள் நூற்றுக்கு 80 பங்கினரது இசைவு வேண்டும் என்றும் அது விதித்தது. கேள்வியும் மறுமொழியும் மீண்டன எனலாம்.

2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி பற்றிய வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் 300அ உறுப்பினுள் ஏழு உரிமைகள் அடங்கியுள்ளன என்று விரித்துரைத்தது. அறிவிக்கப்படும் உரிமை, மறுப்பைக் கேட்கச் செய்யும் உரிமை, காரணங்கூறிய முடிவைப் பெறும் உரிமை, பொதுநோக்கத்திற்காக மட்டுமே எடுத்தல், நேரிய இழப்பீடு, காலந்தாழாத நடைமுறை, முறையான நிறைவு என்பன அவை. ஒரு வினைச்சொல்லின் பொருளை ஏழு படியாகப் பகுத்துக் காட்டிய அகராதி வேறெதுவும் இல்லை என்றே கூறலாம். ஏழாவது படி, வளையமாதேவி வயல் எழுப்பிய வினாவை ஒத்தது: உடைமை கைமாறி முடிந்தாலன்றி வினை முற்றுப்பெறாது.

முடிபு

திருவள்ளுவர் இறைமாட்சி அதிகாரத்தில் அரசனுக்கு ‘ஈட்டல்’ என்னும் தொழிலை உரியதாக்கினார். ஆயின் அதனைத் தனியே விடவில்லை. வரும் வழிகளை ஆக்குதலை அதற்கு முன்னும், காத்தலையும் வகுத்தலையும் அதற்குப் பின்னும் வைத்தார். கொள்ளும் அரசு வகுத்துக் கொடுக்கும் அரசாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து.

மாணாக்கராகிய நாம் இச்சொல்லை எழுதுங்காலும் மொழிபெயர்க்குங்காலும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்வது நன்று. எவரிடமிருந்து? கேட்டா, கேளாமலா? எந்நாளில் முற்றிற்று? அறிவும் பழக்கமும் பற்றியதாயின் இவ்வினாக்கட்கு வேலையில்லை; அங்கு இழப்போர் எவரும் இலர். நிலம் பற்றியதாயின் மூன்றனுக்கும் விடை தேடிய பின்னரே பேனாவை எடுத்தல் வேண்டும். நம்முள் நாளை வட்டாட்சியர் அலுவலகத்தில் அறிவிப்பு வரைவோரும் இருப்பர். அதனைப் பெறுவோரின் மக்களும் இருப்பர். செய்தித்தாளில் அதனை மொழிபெயர்ப்போரும் இருப்பர். ‘கையகப்படுத்தப்பட்டது’ என்று முடியும் தொடரில், ‘இன்னாரிடமிருந்து’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தெழுதுவதற்கு எச்சட்டமும் தடையன்று. மறைந்துபோன கொடுப்போனைத் தொடருக்குள் மீண்டும் அழைத்துவரும் அச்சிறு பணி, மொழி கற்றார் செய்யத்தக்க பணியே ஆகும்.